எண்ணாமல் விட்ட கைகள்

எங்க ஊர்க்காரங்க தூக்கின கை இறங்காமப் போனது ஒரு குடியரசு தினத்தன்னைக்கு, மேலக்குறிச்சிப் பள்ளிக்கூட மைதானத்துல, கொடி ஏத்தி மிட்டாய் குடுத்து முடிஞ்ச பொறவு நடந்த கிராம சபைக் கூட்டத்துலதான். அதை இப்ப யார் யாரோ என்னென்னமோ சேத்துச் சொல்லுதாவ, சாமி குத்தம்னு ஒருத்தர், உப்புல நின்னு நின்னு நரம்பு இறுகிப் போச்சுன்னு ஒருத்தர், அதெல்லாம் கிடக்கட்டும், நான் அந்த இடத்துல டீ ஊத்திக்கிட்டு நின்னவ, நான் சொல்லுததைக் கேட்டுக்கிடுங்க. எனக்கு ஒரு கையில கேத்தல், ஒரு கையில டம்ளர் கூடை. அதனால எங்கை ரெண்டும் தப்பிச்சுது.

எங்க ஊரு உப்போடை. பேருக்குத்தான் ஊரு, சர்க்கார் கணக்குல அது மேலக்குறிச்சிப் பஞ்சாயத்துல ஒரு வார்டு. ரெண்டுக்கும் நடுவுல அகலமா ஒரு ஓடை கிடக்கு. வெயில் காலத்துல ஓடை காஞ்சு கிடக்கும், உப்பு லாரி போகும், ஜீப்பு போகும், நடந்து போயி ரேசன் வாங்கலாம், பஸ் ஏறலாம். ஐப்பசி பொறந்து மழை இறங்கிட்டா கடல் தண்ணியும் மழைத் தண்ணியும் ஒண்ணாச் சேந்து ஏறி வந்து மார்கழி வரைக்கும் இடுப்பளவு நிக்கும், அப்ப நாங்க தனித்தீவுதான். அந்த ஓடைக்கு மேல ஒரு பாலமும் ரோடும் போடுங்கன்னு எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லருந்து ஒவ்வொரு கூட்டத்துலயும் கேக்கோம், ஒவ்வொரு கூட்டத்துலயும் எழுதிக்கிடுதாவ, போடுத ரோடு மட்டும் மேலக்குறிச்சித் தெருவுலயே விழுது. அங்க ஓட்டு அதிகம், எங்ககிட்ட கொஞ்சம். யாரைச் சொல்லி என்ன செய்ய.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு கார்த்திகையில எந் தம்பி ஐகோர்ட்துரை பொண்டாட்டி தங்கபுஷ்பத்துக்கு வலி கண்டுச்சு. ஓடை நிறையத் தண்ணி. கட்டில்ல அவளைப் படுக்க வச்சு நாலு ஆம்பளைக தோள்ல தூக்கிக்கிட்டு இறங்கினாவ, நான் அவ தலைமாட்டுல குடையைப் பிடிச்சுக்கிட்டு நீந்தாத குறையாப் போனேன், நடு ஓடையில, தண்ணிக்கு மேல, கட்டில்லயே பிள்ளை பொறந்துட்டு. ஆம்பளைப் பிள்ளை. அக்கரை போய்ச் சேருததுக்குள்ள அடங்கிப் போச்சு. பெத்தவ அழல. நான்தான் அழுதேன், அவ என்னையப் பாத்து, “மதினி, குடை சாயுது, நேராப் பிடிங்க”ன்னா. அன்னைக்கு அவ முகத்துல விழுந்த ஒரு மரமரப்பு அப்படியே நின்னு போச்சு, அவகிட்ட மட்டுமில்ல, தெருவுக்கே அது ஒட்டிக்கிடுச்சு, சிரிச்சாலும் சத்தம் வராது, சண்டை போட்டாலும் பாதியில அலுத்துப் போயிரும்.

அதுக்குப் பொறவுதான் பொன்சிங் வாசல் வாசலா ஏறி இறங்குனான். பொன்சிங்குன்னா லாரிக்கு உப்பு ஏத்துற ஆளுகளுக்குத் தலைவன், நல்லவன், பேசத் தொடங்கினா நிறுத்தத்தான் தெரியாது. “நமக்குன்னு தனிப் பஞ்சாயத்து வேணும். நம்ம ரோட்டை நாமதான் போடணும். இவங்கள நம்பி இன்னும் எத்தனை கட்டில் தூக்கணும்?” என்பான். என் கடை பெஞ்சுலதான் அந்தப் பேச்சு பூரா நடக்கும். வேணும்னு பாதிப்பேரு, வேண்டாம்னு பாதிப்பேரு, காலையில வேணும்னவன் சாயங்காலம் வேண்டாம்பான். வீட்டு வரி போட்டா நம்ம ஊர்ல என்ன தேறும்? குடிதண்ணிக் குழாயே அங்கருந்துதானே வருது, தனியாப் போனா அடைச்சுருவானே? குடுத்த பொண்ணு அங்க இருக்கு, எடுத்த பொண்ணு அங்கருந்து வந்திருக்கு, நாளைக்கு எந்த முகத்தோட விருந்துக்குப் போக? ஐகோர்ட்துரை ஒரு நாள் கேட்டான், “இப்ப அசலூர்க்காரன் ஏமாத்துதான், ஏசிக்கிட்டாவது இருக்கோம். நாளைக்கு நாற்காலியில நம்ம மச்சானே உக்காந்து ஏமாத்துனா யாரை ஏச?” பொன்சிங் யோசிச்சுட்டு, “அப்ப நடந்து போய் வீட்டு வாசல்லயே நின்னு ஏசலாம்ல”ன்னான். அது எல்லாருக்கும் கொஞ்சம் பிடிச்சுது.

தங்கபுஷ்பம் பேச்சுல கலந்துக்கிட மாட்டா. அந்தக் குடியரசு தினத்தன்னைக்கு அவ மறுபடியும் முழுகாம இருந்தா, நாலு மாசம்.

இப்ப உப்பளத்து வழக்கம் ஒண்ணைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். விடியக்காலம் உப்பளத்துல கங்காணி வந்து நின்னு, “வந்தவங்க கை தூக்கு” என்பாரு. தூக்கின கையை அவரு எண்ணி முடிக்கதுக்கு முந்தி இறக்கினியோ, அன்னைக்கு நீ வேலைக்கே வரல, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கொசு கடிச்சாலும் இறக்கக் கூடாது, தும்மல் வந்தாலும் இறக்கக் கூடாது, எண்ணினாத்தான் கை நம்ம கை. வெவரம் அறியாத வயசுலருந்து பழகிப் பழகி ரத்தத்துல ஊறிப்போன பழக்கம் அது. மேலக்குறிச்சிக்காரங்க கூட்டத்துல கை தூக்குனா தலையைச் சொறிஞ்சிட்டு இறக்குத நேரந்தான். எங்காளுக அப்படியில்ல.

அன்னைக்குக் கூட்டத்துல பஞ்சாயத்துத் தலைவர் லிங்கபாண்டி நாற்காலியில இருக்காரு, பக்கத்துல யூனியன் ஆபீசிலருந்து வந்த ஒரு அதிகாரி. பொன்சிங் எந்திரிச்சுப் பேசினான், பேசினான், அதிகாரிக்குக் கண்ணைக் கட்டுற வரைக்கும் பேசினான். கடைசியில அவரு, “சரிப்பா, உப்போடையைத் தனி ஊராட்சியாப் பிரிக்கணும்னு சொல்லுறவங்க கை தூக்குங்க”ன்னாரு. எங்க பக்கம் பொம்பளையும் ஆம்பளையுமா ஒரே வீச்சுல கை மேல போச்சு, வேண்டாம்னு பெஞ்சு தேயப் பேசினவனும் தூக்கினான், எந் தம்பியும் தூக்கினான், தங்கபுஷ்பம் வலது கையை எல்லாருக்கும் மேல நீட்டி நின்னா. அதிகாரி எண்ணுததுக்கு விரலை நீட்டினாரு, அந்நேரம் பாத்து அவரு போன் அடிச்சுது. ஜீப்புக்குப் பின்னால போய்ப் பேசிட்டு வந்தவரு, அவசரமாக் கூப்பிடுதாங்க, இதை அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்னு ஏறிப் போயிட்டாரு. லிங்கபாண்டி, “கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் டீ குடிச்சிட்டுப் போங்க”ன்னாரு. எங்காளுக இடது கையால டீ வாங்கிக் குடிச்சாவ. வலது கை மேலயே நின்னுது.

அப்படியே ஓடையில இறங்கி ஊருக்கு நடந்தாவ. எண்ணல, அதனால இறங்கல, அதுல ஆச்சரியப்பட என்ன இருக்குன்னு ஒரு போக்கு. சாப்பாட்டு நேரத்துலதான் ஒவ்வொரு வீட்டுலயும், “ஏட்டி, உனக்கும் இறங்கலியா”ன்னு கேட்டுக்கிட்டாவ. இடது கையால சாப்பிடுதது மட்டும் ரெண்டு மூணு நாளைக்குச் சங்கடமா இருந்துது.

அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனாவ. உப்பு வாருத பலகையை ஒத்தைக் கையால இழுக்க முடியாது, அதனால ரெண்டு பேருக்கு ஒரு பலகைன்னு பிரிச்சுக்கிட்டாவ, ஒருத்தர் இடது கையும் இன்னொருத்தர் இடது கையும் சேந்து இழுக்கும், புருசன் பொண்டாட்டி சண்டைன்னா அன்னைக்கு உப்பு கோணலா வரும். கங்காணிக்குத்தான் பெரிய குழப்பம், கை தூக்குங்கன்னு சொல்லுததுக்கு முந்தியே எல்லாரும் தூக்கிக்கிட்டு நிக்காவ, அவரும் எண்ணிப் பாத்தாரு, அவரு எண்ணினா இறங்கல, இது அவரு கேட்டு ஏறின கையில்ல பாருங்க. தையக்காரரு எல்லாச் சட்டையிலயும் ஜாக்கெட்டுலயும் வலது பக்கம் பிரிச்சுக் கயிறு வச்சுக் கட்டிக் குடுத்தாரு. பஸ்ஸுல கண்டக்டரு, “உப்போடைக்காரங்களுக்கு என்னப்பா, கம்பி பிடிக்கச் சொல்லவே வேண்டாம்”னு கேலி பண்ணினாரு, பொறவு அதுவும் பழகிப் போயி கேலியும் நின்னு போச்சு. மாசியில ஒரு கல்யாணம் நடந்துது, மாப்பிள்ளை இடது கையில தாலியைப் பிடிக்க, பொண்ணே தன் இடது கையைப் பின்னால கொண்டுபோயி முடிச்சுக்கு ஒத்தாசை பண்ணினா. அட்சதை போடத்தான் எல்லாருக்கும் சுலபமா இருந்துது.

ஆஸ்பத்திரியிலயும் காட்டினாவ. ஊசி போட்டாவ, போட்டது யாருக்கும் தெரியல. கை முழுசா மரத்துப் போயிருந்துது. எறும்பு கடிச்சாத் தெரியாது, வெயில் பட்டாத் தெரியாது, காக்கா வந்து உள்ளங்கையில உக்காந்தா அடுத்தவங்க சொல்லித்தான் விரட்டணும். மொதல்ல மேலக்குறிச்சிப் பிள்ளைக வேடிக்கை பாக்க வரும், பொறவு அதுகளுக்கும் சலிச்சுப் போச்சு. மே தினக் கிராம சபைக் கூட்டம் ஏதோ காரணம் சொல்லி நடக்கல. எல்லாரும் சரின்னு இருந்துட்டாவ.

எனக்குத்தான் எரிச்சல். ஒருத்தராவது கத்த வேண்டாமா? போய் அந்த ஆபீஸ் வாசல்ல நிக்க வேண்டாமா? “எண்ணுங்கய்யா”ன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களான்னு டீயை ஆத்திக்கிட்டே ஏசுவேன். “நீ தூக்கலல்ல, உனக்கென்ன தெரியும்”பாவ. கேத்தல் கையில இருந்துதுங்கது ஊருக்கே தெரியும்.

மொதக் கை இறங்குனது எங் கடையிலதான். சித்திரை வெயில்ல ஒருத்தரு பெஞ்சுல வந்து உக்காந்து, “எதுக்கு இந்த வம்பு, கூடவே இருந்துட்டுப் போயிருவோம், எனக்கு ஒண்ணும் வேண்டாம்”னு ஒரு பெருமூச்சு விட்டாரு, சொல்லி வாய் மூடல, கை தொப்புன்னு மடியில விழுந்துட்டு. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கோம். கொஞ்ச நேரத்துல எறும்பு ஊர்ற மாதிரி சுறுசுறுன்னு வருதுன்னாரு, அப்புறம் எரியுதுன்னாரு, சாயங்காலத்துக்குள்ள கை பழையபடி ஆயிட்டு. அப்பத்தான் ஊருக்கு விசயம் பிடிபட்டுது. ஆசையை விட்டாக் கை கிடைக்கும்.

அதுக்குப் பொறவு பெஞ்சுல நடந்த பேச்சு வேற மாதிரி. தனிப் பஞ்சாயத்து நல்லதா கெட்டதாங்கது போயி, ஒரு கைக்கு அது தகுமாங்கதுதான் கேள்வி. ஒருத்திக்கு முறுக்குப் பிழிய ரெண்டு கை வேணும், ஒருத்தனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டணும். லிங்கபாண்டி ஒரு நாள் ஓடை தாண்டி வந்தாரு, தண்ணி லாரி கூடவே வந்துது, “நாம என்ன வேத்தாளா, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான”ன்னு தெருத்தெருவாச் சொல்லிட்டுப் போனாரு, அவரு கெட்டவரு இல்ல, அவரு ஊருக்கு அவரு நல்லவரு. அவரு போன பொறவு தெருவே கையை உதறிக்கிட்டு நின்னுது. எந் தம்பி கையும் அன்னைக்குத்தான் இறங்குச்சு.

பொன்சிங் கதைதான் பாவம். அவனுக்கு மேலக்குறிச்சித் தண்ணித் தொட்டியில மோட்டார் போடுற வேலை கிடைச்சுது. வேலைக்குச் சேந்த மறுநாள் காலையில முழிச்சுப் பாத்தா கை பக்கத்துல கிடக்கு. வேண்டாம்னு அவன் வாயால சொல்லல, நினைக்கக்கூட இல்லைன்னான். கடைக்கு ஓடி வந்து எல்லாரு முன்னாலயும், “எனக்கு இன்னும் வேணும்பா, சத்தியமா வேணும்”னு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினான், அதுவும் மத்தவங்க கை மாதிரி ஏறி ஏறி இறங்குச்சு. அதுக்கு மேல அவன் பேசுதது குறைஞ்சு போச்சு.

ஆனி மாசம் தங்கபுஷ்பத்துக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துது. ஓடை காஞ்சு கிடந்ததால ஜீப்பு வீட்டு வாசலுக்கே வந்து கூட்டிட்டுப் போச்சு, ஒரு குறையுமில்ல. அவ வீட்டுக்கு வந்தப்ப ஊர்ல இறங்காத கை அவ கை ஒண்ணுதான். பிள்ளைக்குப் பால் குடுக்க ஒருக்களிச்சுப் படுத்துக்கிடணும், நான் போயி பிள்ளையை எடுத்துப் பக்கத்துல வைக்கணும். குளிப்பாட்டுதது நான், தொட்டில்ல இடுதது நான். அவ இடது கையால பிள்ளை முதுகைத் தடவிக்கிட்டு மேல நிக்கிற கையை அண்ணாந்து பாப்பா. பச்சைப் பிள்ளைக்குக் கழுத்து நிக்காதுல்லா, ஒத்தைக் கையால தூக்க அவளுக்குப் பயம். முந்தினது கை சேராமப் போச்சு, இது வந்தும் ரெண்டு கையால ஒரு தரம் எடுக்கலங்கது அவளை அரிச்சுது, எனக்குத் தெரியும்.

ஐகோர்ட்துரை கெஞ்சுவான், “சொல்லிரு பிள்ள. வேண்டாம்னு ஒரு வார்த்தை. எல்லாரும் சொல்லிட்டாவ.”

“சொல்லிட்டேன்” என்பா அவ.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கல. “ஏட்டி, பெத்த பிள்ளையை விட உனக்கு அந்தப் பாலம் பெருசாப் போச்சா? இந்த வைராக்கியத்தை வச்சு என்ன கஞ்சியா காய்ச்சப் போற?”ன்னு கேட்டுட்டேன்.

அவ கோவப்படல. எழுந்து வாசலுக்கு வந்து, தெருவுல நாலு பேரு பாக்க, “எனக்குப் பாலம் வேண்டாம், ரோடு வேண்டாம், தனிப் பஞ்சாயத்து வேண்டாம்”னு தெளிவாச் சொன்னா. கையை அண்ணாந்து பாத்தா. மறுபடியும் சொன்னா. கை அசையல. உள்ள வந்து உக்காந்து, “பாத்தீங்களா மதினி, நான் நிசமாத்தான் சொல்லுதேன், அது கேக்க மாட்டேங்குது”ன்னா. அவ முகத்துல ஒண்ணுமே இல்ல.

சுதந்திர தினக் கூட்டத்துக்கு எங்காளுக போனாவ, போகாம இருக்கக் காரணம் தோணல, அதனால போனாவ. இந்தத் தடவை டீ மேலக்குறிச்சிக் கடையிலருந்து வந்திருந்துது, நான் தங்கபுஷ்பத்துக்குத் துணையா, பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தேன். அதிகாரியும் புதுசு, சின்ன வயசுப் பொண்ணு, போனை அணைச்சுப் பையில வச்சிட்டுத்தான் நாற்காலியில உக்காந்துது. போன கூட்டத்துல விட்டுப் போனது ஒண்ணு இருக்குன்னு கிளார்க்கு நினைவுபடுத்தவும், அது எந்திரிச்சு, “உப்போடையைத் தனி ஊராட்சியாகப் பிரிக்கணும்னு விரும்புறவங்க கை தூக்கலாம். முழுசா எண்ணி முடிச்சிட்டுத்தான் போவேன்”னு சொல்லிச்சு. நல்ல பொண்ணு. ஏழு மாசத்துக்கு முந்தி வந்திருக்கலாம்.

எங்காளுக அவங்கவங்க கையைக் குனிஞ்சு பாத்துக்கிட்டாவ. எல்லாருக்கும் உள்ளுக்குள்ள வேணும்னுதான் இருந்திருக்கும், நான் ஒவ்வொரு முகத்தையும் பாத்தேன், ஆனா தூக்குன கை திரும்பி வருமோ வராதோ, ஒரு தரம் பட்டது போதும்னு மடியிலயே வச்சுக்கிட்டாவ. பொன்சிங் கையைத் தொடைக்கு அடியில குடுத்து உக்காந்திருந்தான். ஐகோர்ட்துரை தரையைப் பாத்தான். எங்கிட்டப் பிள்ளை இருந்துது, இறக்கி வச்சிருக்கலாம், தம்பி மடி பக்கத்துலதான், நான் இறக்கி வைக்கல.

நின்னது ஒரு கைதான். அந்தப் பொண்ணு மைதானம் பூரா ஒரு சுத்துப் பாத்துது, கடைசி வரிசை வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டு வந்துது, ஏமாத்தக் கூடாதுன்னு நினைச்சிருக்கும். தங்கபுஷ்பத்துக்கு முன்னால வந்து நின்னு, விரலை நீட்டி, “ஒண்ணு”ன்னு எண்ணிச்சு.

எண்ணின உடனே அந்தக் கை இறங்குச்சு. விழல, மெதுவா, தண்ணியில இறங்குத மாதிரி இறங்கி அவ பக்கத்துல வந்து தொங்குச்சு. தீர்மானம் தோத்துப் போச்சுன்னு கிளார்க்கு எழுதினாரு. லிங்கபாண்டிகூடக் கை தட்டல. அடுத்து தெருவிளக்கு விசயம் எடுத்தாவ.

தங்கபுஷ்பம் எம் பக்கம் திரும்பி, “மதினி, பிள்ளையைத் தாங்க”ன்னா. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு, எத்தனை நாள் எத்தனை சாமியைக் கும்பிட்டிருப்பேன் இந்த வார்த்தைக்கு. அவ இடது கையால வலது கையை எடுத்து மடக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டா, நான் பிள்ளைத் தலையை அந்த வலது கை மடிப்புல வச்சு, கால் பக்கத்தை இடது கையில குடுத்தேன். பிள்ளை ஒரு தரம் சிணுங்கிட்டு வாகா அடங்கிப் படுத்துக்கிடுச்சு. மத்தவங்களுக்கெல்லாம் இறங்கின உடனே எறும்பு ஊர்ற மாதிரி இருந்துதுன்னாவளே, இவளுக்கும் வரும்னு நான் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். நேரம் போச்சு. கூட்டம் கலைஞ்சு, ஆளுக எந்திரிச்சு, நாங்களும் ஓடையில இறங்கி ஊரைப் பாத்து நடந்தோம். மேகம் கிடையாது, ஓடைக்குள்ள புழுதி பறந்துது, மழைக்கு இன்னும் நாள் இருக்கு.

நடு ஓடையில அவ நின்னா. பிள்ளையைக் குனிஞ்சு பாக்கப் பயந்தவ மாதிரி நேரா எதிர்த்தாப்புலயே பாத்துக்கிட்டு, “மதினி, தலை கையில இருக்கா?”ன்னு கேட்டா.

“இருக்குட்டி.”

“நல்லாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் தெரியல.”

“இருக்கு. தூங்குது.”

நாலெட்டு வச்சிட்டு மறுபடியும் கேட்டா. வீடு வந்து சேருத வரைக்கும் அவ கேட்டுக்கிட்டே வந்தா, நானும் இருக்கு இருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்.